ஓரக் குறிப்புகள்

அட்டை இல்லை. முதல் பதினாறு பக்கமும் இல்லை.
எழுதினவன் பெயர் அந்தப் பதினாறோடு போயிற்று.
உள்ளே ஒரு வாசிகசாலையின் ஊதா முத்திரை;
அந்த வாசிகசாலையும் இப்போது இல்லை.
மல்லாவி நூலகத்தில் நான்தான் பதிந்தேன்:
2216. பழைய நாவல். பெயர் தெரியாது. கிழிசல்.

ஆனால் இரவலில் அதுதான் முதலிடம்.
லாண்ட்மாஸ்டர் திருத்துகிற தவரூபன்
எண்ணெய் விரலோடு இரண்டு தரம் கொண்டுபோனான்.

கதை ஒரு வீட்டைப் பற்றியது. வேறொன்றையும் பற்றியதில்லை,
அந்த வீட்டாருக்கு உலகத்தில் வேறொன்றும் இல்லை.
குளக்கட்டு உடைந்து ஊரே மண்மூட்டை சுமக்கிற இரவில்
கலியாண அழைப்பிதழில் யார் பெயர் முன்னுக்கு என்று
விடியும்வரை கதைக்கிறார்கள்.
வெந்நீர் வைக்கிற சின்னான் செத்துப்போனான் என்று
ஆள் வந்து சொல்ல,
அருளம்பல உடையாருக்குக் கண் கலங்குகிறது:
“ஐயோ பாவம். அப்ப நாளைக்கு ஆர் வெந்நீர் வைக்கிறது?”

எழுதினவன் ஒரு சொல் திட்டவில்லை.
‘இரக்கமுள்ள குடும்பம்’ என்கிறான்,
ஆறு இடத்தில். எண்ணிப் பார்த்தேன்.
முதல் தரம் வாழ்த்து மாதிரி இருக்கும்.
ஆறாம் தரம்
சோற்றுக்குள் கடிபட்ட பச்சை மிளகாய்.
அவர்களைப் பேசவிட்டு
மூலையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்திருப்பான், பாவி.

ஓரமெல்லாம் பென்சில்.
உடையாருக்கு நேரே: சங்கக்கடை மனேச்சர்.
அதற்குக் கீழே, வேறு கை, நீல மை:
இல்லை, எங்கட பெரியப்பா. சத்தியமாய்.
கண்ணாடி முன்னால் அழுது பார்க்கிற மூத்த மகளுக்கு:
ரொறன்ரோ மச்சாள்!!
மனேச்சரும் எடுத்துப் போய் வாசித்தவர்தான்.
வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டு திருப்பித் தந்தார்:
“பிள்ளை, இது அச்சொட்டாய் எங்கட சம்பந்தி வீடு.”
தன்னை எழுதியிருந்ததை அவர் காணவில்லை;
கண்டிருந்தால், வேறு கடை என்று நினைத்திருப்பார்.
சம்பந்தி வீட்டார் அடுத்த கிழமை எடுத்தார்கள்.

எழுபத்தொரு பெயர்.
தன் பெயரை எழுதினவர் ஒருவரும் இல்லை.

வெள்ளிக்கிழமை பின்நேரம், அழிறப்பரோடு குந்தினேன்.
நூலகச் சொத்து, எழுதக் கூடாது, அது என் கடமை.
நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம்.
வெள்ளத்துக்கு ஓடிவந்தவர்களை வாசலில் மறித்து
உடையார் பெண்சாதி சொல்கிற இடம்:
“வாருங்கோ, வாருங்கோ.
நேற்றுத்தான் நிலத்துக்கு மெழுகு போட்டது, அதைத்தான் யோசிக்கிறன்.”
நான் விழுந்து விழுந்து சிரித்த இடம்.
நேரே, சின்னதாய், அழுத்தாத எழுத்தில்:
நூலக அக்கா.

வவுனிக்குளம் வான் பாய்ந்த மார்கழி.
படலையில் பன்னிரண்டு குடும்பம், ஒரு ஆடு.
சாவி என் கையில்.
புத்தகம் ஈரமாகும் என்றேன்.
செயலாளரைக் கேட்கவேணும் என்றேன், போன் எடுபடவில்லை என்றேன்.
பள்ளிக்கூடத்துக்குப் போங்கோ, அங்க வசதி என்றேன்.
முழங்கால் தண்ணீரில் திரும்பிப் போனார்கள்,
ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு.

அந்த இரவை நான் இவ்வளவு காலமும் சொல்லிவந்தது
இப்படி: ஒரு புத்தகம்கூட நனையவில்லை.
சான்றிதழ் மேசைக்கு மேலே தொங்குகிறது,
கண்ணாடிச் சட்டத்துக்குள்.

‘ல’வுக்கு வால் நீளம்.
யாருடைய வால் இது என்று
அங்கத்தவர் படிவங்களை ஒன்றொன்றாய்ப் புரட்டினேன்,
கையெழுத்துக்கு மேல் கையெழுத்து, இருட்டும்வரை.
பிறகு அழித்தேன். தாள் மெலிந்து
மறுபக்கத்து எழுத்துத் தெரிந்தது.

திருப்பினேன்.
உடையார் வீட்டு மதிலில் யாரோ கரியால் எழுதியிருக்கிறார்கள்.
வேலைக்காரி தேய்த்துக் கழுவுகிறாள்.
பெண்சாதி பக்கத்தில் நின்று
எழுதின கை எது என்று விசாரிக்கிறாள்.
எழுதினவன் அவளுக்கு ஒரு கதிரை போட்டுக் கொடுத்துவிட்டு
அத்தியாயத்தை முடிக்கிறான்:
இரக்கமுள்ள குடும்பம்.

ஆறு என்றல்லவா எண்ணியிருந்தேன்.